பாதிக்குப் பாதி

1

இந்தக் கதை எனக்கு, கார் எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றும் கூலன்ட் கேன் ஒன்றின் முதுகில் கிடைத்தது. பொடி எழுத்தில் ஒரு பட்டியல்: தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையும், கலக்காத கூலன்ட் மைனஸ் பதின்மூன்றில் உறையும், இரண்டையும் சரிபாதி கலந்தால் மைனஸ் முப்பத்தேழு வரை உறையாது. மூன்று முறை படித்தேன். அச்சுப்பிழையோ என்று என் கார் மெக்கானிக்கிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டுத் தன் அக்காவைப் பற்றிச் சொன்னாள்.

2

"மலைப்பாதையில் பனி கொட்டிக்கொண்டிருந்த…" வேண்டாம், பனியே கதையாகிவிடும்.

"ரேடியேட்டர் என்பது…" ஐயோ, பாடப்புத்தகம்.

நேராகவே சொல்கிறேன். அக்கா பிரசவம் பார்க்கும் நர்ஸ். போன குளிர்காலத்தில், வெளியே நிறுத்தியிருந்த அவள் காரின் ரேடியேட்டரில் இருந்த வெறும் தண்ணீர் உறைந்து எஞ்சினைப் பிளந்துவிட்டது. மலைக்கு அப்பால் ஒருத்தி வலியோடு ஆறு மணி நேரம் காத்துக் கிடந்தாள். (தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அக்காவுக்குத்தான் மனது ஆறவில்லை.)

3

இந்த வருஷம் அக்கா தங்கையின் பட்டறைக்கு வந்து நின்றாள்.

"தண்ணி ஒரு சொட்டுகூட வேண்டாம்டி. முழுக்கக் கூலன்டே ஊத்து."

"பாதிக்குப் பாதிதான்க்கா நல்லது."

"தண்ணியால பட்டது போதாதா?"

(இங்கே மெக்கானிக்கை ஒரு பக்கத்துக்கு வாதாட வைத்தேன். கிழித்துப் போட்டேன். அவள் வாதாடவே இல்லையாம்.)

மூன்று பாட்டில்களில் தண்ணீர், கூலன்ட், கலவை என்று ஊற்றி, மூன்றின் மேலும் 'விஷம்' என்று எழுதி, பட்டறையின் பழைய ஃப்ரீசரில் வைத்தாள். (கூலன்ட் விஷம், சரி; தண்ணீர் எப்படி விஷமாகும் என்றேன். "மூடிட்டா எது எதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.)

சாயங்காலம் இருவரும் திறந்து பார்த்தார்கள். தண்ணீர் பாட்டில் வெடித்திருந்தது. கூலன்ட் இறுகிப்போய், கவிழ்த்தும் விழவில்லை. கலவை மட்டும் 'சளக்' என்றது.

அக்கா அதைக் காதருகே வைத்து மறுபடி குலுக்கினாள்.

"அதே தண்ணிதானேடி இது?"

"அதேதான்க்கா."

விளக்கம் எழுத உட்கார்ந்தேன்: இரண்டின் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று உறைந்து வரிசைகட்ட விடாமல்… விளக்கம் சரிதான். ஆனால் அக்கா பாட்டிலைக் காதைவிட்டு எடுக்காதது அதற்குள் அடங்கவில்லை. தனித்தனியாகக் குளிரிடம் தோற்ற இரண்டு, சேர்ந்ததும் அவள் கையில் உயிருள்ளதுபோல் அசைந்தன.

"ஊத்துடி," என்றாள் மெல்ல.

4

மைனஸ் இருபத்திரண்டு டிகிரிக் குளிரில், ஒரு காலையில் மலைக்கு அப்பாலிருந்து பிரசவ அழைப்பு வந்தது. கார் சாவியின் ஒரே திருகலில் கிளம்பியது. மலையைத் தாண்டியதும் அக்கா தங்கைக்குப் போன் செய்தாள்: "சூடு காட்டுற முள்ளு நட்டநடுவுல நிக்குதுடி!"

பிரசவம் என்ன ஆனது? "நோயாளி விஷயம், அதை அக்கா என்கிட்டகூடச் சொல்லமாட்டா," என்றாள் மெக்கானிக்.

நான் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் குழந்தையின் அழுகை. இன்னொன்றை முடிக்கக் கை வரவில்லை. இரண்டையும் தரப்போவதில்லை. அக்கா காரை நிறுத்தி, பையோடு இறங்கி, கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். நீங்கள்தான் உள்ளே இருக்கிறீர்கள். சீக்கிரம் திறவுங்கள், வெளியே குளிர்கிறது.