முகத்துவாரத்தைக் கடந்த சைக்கிள்

1993ஆம் ஆண்டு மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, தி.நகர் ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த இசக்கிமுத்துவின் இரண்டாவது மகள் ஜெயபாரதி, அடையாறு கடலில் சேரும் இடத்தில் உடைந்து நிற்கும் பழைய பாலத்தை சைக்கிளில் கடந்து தென்கரைக்குப் போனாள். அந்தப் பாலத்தின் நடுவே ஏறக்குறைய அறுபது அடிக்குப் பாலம் கிடையாது. அந்த அறுபது அடியையும் அவள் மிதித்துத்தான் கடந்தாள். சக்கரம் மேலே எழும்பவுமில்லை, கீழே இறங்கவுமில்லை; தார் ரோட்டில் போவதைப் போலவே போயிற்று. தென்கரைக் குப்பத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த பாஞ்சாலி இதைப் பார்த்தாள்.

"இன்னா பொண்ணு, அந்தாண்ட கரையிலேர்ந்தா வர்றே?"

"ஆமாக்கா."

"பாலம் ஒடஞ்சில்ல கீது?"

ஜெயபாரதி திரும்பிப் பார்த்தாள். பிறகு சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு மணலில் உட்கார்ந்தாள். பாஞ்சாலி அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

அந்த சைக்கிளைக் கட்டப் பதினான்கு மாதங்கள் பிடித்திருந்தன. ராயப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் சைக்கிள் வெல்டிங் கடை வைத்திருந்த ஷஃபியுல்லாவிடம் அவள் சாக்பீஸால் தரையில் படம் வரைந்து காட்டியபோது, இவ்வளவு நீளமாக ஒரு சைக்கிள் எதற்கு என்று அவர் கேட்டார். பாட்டுப்பெட்டி வைக்க வேண்டும், பின்னால் ஒரு ஆளும் உட்கார வேண்டும் என்றாள் அவள். இரண்டு பழைய சைக்கிள்களின் குழாய்களை அறுத்து ஒன்றாக்கி, பின்சக்கரத்தை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளி, ஒரு ஆள் கால் நீட்டி உட்காரும் அளவுக்குக் கேரியர் வைத்து, ஹேண்டில்பாருக்கு நடுவே பாட்டரியில் ஓடும் டேப் ரெக்கார்டரையும் அதற்கு இருபுறமும் இரண்டு ஸ்பீக்கரையும் அவர் பொருத்தினார். கத்திரிப்பூ நிறத்தில் பெயிண்ட் அடித்தார். கேசட்டுகளை அவளே செய்தாள். கேபிள் டிவியில் எங்கோ ஒரு ஊரில் ஒருவன் இரண்டு இசைத்தட்டுகளை விரல் நுனியால் தள்ளித் தள்ளி, ஒரு பாட்டுக்குள்ளிருந்து இன்னொரு பாட்டைப் பிறக்கவைத்ததைப் பார்த்த நாள்முதல் அவளுக்கு வேறு எதுவும் பெரிதாகப் படவில்லை. வீட்டு மாடி அறையில் மூன்று டேப் ரெக்கார்டர்களை வைத்துக்கொண்டு, ஓடும் கேசட்டின் சக்கரத்தை விரலால் லேசாக அழுத்தி வேகம் குறைத்து, கல்யாண பேண்டை ஆப்பிரிக்க முரசில் கரைத்தாள். முரசைக் கானாப் பாட்டில் கரைத்தாள். நாற்பத்தைந்து நிமிடத்தில் ஒரு இடத்தில்கூடத் தாளம் விட்டுப்போகாத கேசட் ஒன்று தயாரானது. அதைப் போட்டுக்கொண்டு, பேண்டு முரசாக மாறும் இடத்தில் சொக்கிப்போய், பாலம் முடிந்ததைக் கவனிக்காமல்தான் அவள் அன்று அக்கரைக்குப் போய்விட்டாள்.

ஷஃபியுல்லா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். "கம்பியெல்லாம் கரீட்டா கீது பாப்பா. நான் பத்த வெச்சதுல பறக்குற வேல எதுவும் கெடையாது" என்றார். கடைத் தெருவில் குழாய்க்காகத் தோண்டியிருந்த ஆறடிப் பள்ளத்தில் இருவரும் சோதனை செய்தார்கள். அந்தக் கேசட்டோடு எட்டுமுறை போனாள். எட்டுமுறையும் பள்ளம் பள்ளமாக இல்லை. ஒன்பதாம் முறை, இரண்டு பாட்டுக்கு நடுவே கண்ணிமைக்கும் நேரம் மௌனம் இருந்த வேறொரு கேசட்டைப் போட்டாள். அந்த மௌனத்தில் முன்சக்கரம் உள்ளே விழுந்தது. முழங்கையில் ஏழு தையல். "பாட்டுல சந்து வுட்டா ரோட்லயும் சந்து வுடுது. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு ஷஃபியுல்லா வளைந்த முன்சக்கர ஃபோர்க்கை நிமிர்த்தப் போனார்.

அதன்பிறகு மூன்று வருடம் அவள் ஞாயிறு தவறாமல் முகத்துவாரத்தைக் கடந்தாள். கீழே ஆறும் கடலும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருப்பதை, காற்றில் நின்று பார்க்கும் அந்தப் பத்து வினாடிக்காக வாரத்தின் மற்ற ஆறு நாளும் கடையில் குத்துவிளக்கும் இட்லிக்கொப்பரையும் எடுத்துக் காட்டினாள். குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கேசட் மனப்பாடமாயிற்று. இசக்கிமுத்து ஒருநாளும் அதைப் பார்க்கப் போகவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் முகச்சவரம் செய்துகொள்வதை நிறுத்திவிட்டார். முதல் இரண்டு ஞாயிறும் பிளேடு கன்னத்தைக் கிழித்ததுதான் காரணம்.

1996 ஜூனில், மழைக்காலமே அல்லாத நேரத்தில், மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. ஆறு கரையை மீறியது. அடையாற்றுப் பெரிய பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் காலை பாஞ்சாலியின் புருஷன் முருகையனை, வலையிலிருந்து மீனை உதறும்போது கடல்பாம்பு கடித்தது. ஒருமணி நேரத்தில் அவனுக்கு இமைகள் தொங்கின, தாடை இறுகியது. விஷமுறிவு மருந்து இருந்த ஆஸ்பத்திரி வடகரையில்; அந்த வெள்ளத்தில் படகு இறக்க யாரும் துணியவில்லை. பாஞ்சாலி டெலிபோன் பூத்துக்கு ஓடி, ஜெயபாரதி எப்போதோ எழுதிக் கொடுத்திருந்த எண்ணைச் சுழற்றினாள். கடையில் போனை எடுத்தவர் இசக்கிமுத்து. அவர் கடைசிவரை கேட்டார். போனை வைத்துவிட்டு மகளிடம் வந்தார்.

"ஏளா, அந்தப் பாம்பு கடிச்ச ஆள இக்கரைக்குக் கொண்டாரணுமாம். கேசட்ட நனையாம எடுத்துட்டுப் போ. நான் ஆட்டோ புடிச்சிட்டுப் பின்னாலயே வாரேன்."

டேப் ரெக்கார்டரை பாலித்தீன் உறையில் சுற்றிக்கொண்டு அவள் போனாள். அக்கரைக்குப் போய்ச் சேர்வதில் சிக்கல் இருக்கவில்லை. முருகையனை நீளமான கேரியரில் உட்காரவைத்து, வலைக்கயிற்றால் அவள் முதுகோடு சேர்த்துக் கட்டினார்கள். அவன் தலை அவள் தோளில் கிடந்தது. திரும்பும்போது, பாலத்தின் விளிம்பைத் தாண்டி இருபதடி வந்திருப்பாள், உறைக்குள் தண்ணீர் புகுந்து டேப் சுருண்டது. பாட்டு நின்றது.

சக்கரம் அமிழத் தொடங்கியதை அவள் உணர்ந்தாள். முதலில் ஒரு விரற்கடை, பிறகு ஒரு சாண். அந்த நொடியில் தென்கரையிலிருந்து பாஞ்சாலியின் குரல் எழுந்தது. மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டுக் கேட்டு ஊறிப்போன பாட்டை, நின்ற இடத்திலேயே, தாளம் பிசகாமல் அவள் பிடித்துக்கொண்டாள். குப்பமே அவளோடு கைதட்டிப் பாடியது. சக்கரம் மேலே வந்தது. ஆனால் நடுவைத் தாண்டியதும் வெள்ளத்தின் இரைச்சல் அந்தப் பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கியது. ஜெயபாரதிக்குப் பாடத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. சைக்கிள் மறுபடி இறங்கியது. அலையின் நுரை அவள் பாதத்தில் பட்டது.

அப்போது வடகரையில், ஆட்டோவின் பக்கத்தில், குடையை எறிந்துவிட்டு நின்றிருந்த இசக்கிமுத்து வாயைத் திறந்தார். அவருக்குப் பாட்டு வராது. பதினாறு வயதில் ஊரிலிருந்து வந்து, அடுத்தவர் கடை வாசலில் நின்று நாளெல்லாம் ஆள் கூப்பிட்டதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே ராகம். மாடி அறைச் சுவர் வழியாகப் பல இரவுகள் தூக்கத்தைக் கெடுத்த தாளத்தில் அதை ஏற்றிக் கூப்பிட்டார். "வாங்கம்மா வாங்க! உள்ள வாங்க! வாங்கம்மா வாங்க! உள்ள வாங்க!" நரம்பு புடைத்த அந்தக் குரல், பாஞ்சாலியின் பாட்டு முடியும் இடத்தில் நூலளவு சந்துகூட விடாமல் தொடங்கியது. சக்கரத்துக்குக் கீழே தரை போல ஒன்று வந்து நின்றது. ஜெயபாரதி கரையேறிய பிறகும், முருகையனை ஆட்டோவில் ஏற்றிய பிறகும், ராயப்பேட்டை ஆஸ்பத்திரி வாசல் வரும்வரையிலும் அவர் நிறுத்தவில்லை. ஆட்டோக்காரர் அதே தாளத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார்.

முருகையன் பதினோராம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனான். அந்த வருடக் கடைசியில் ஒரு கான்ஸ்டபிள் ஜெயபாரதியை வடகரையில் நிறுத்தி, சைக்கிளில் விளக்கு இல்லை என்று எச்சரித்தார்; காற்றில் ஓட்டியதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள், மழை நாளில் போவாளா என்று மட்டும் விசாரித்தார்கள்.

1998 தை மாதத்தில் இசக்கிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதன்முறையாகக் கேரியரில் உட்கார்ந்தார். புதுக் கேசட் ஓடியது. பாலத்தின் விளிம்பு பின்னால் போனதும் ஜெயபாரதி, "அப்பா, கண்ணத் தொறங்க" என்றாள். அவர் முதலில் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். அவருடைய இரண்டு செருப்புகளுக்கும் நடுவே, வெகு கீழே, பச்சைத் தண்ணீரில் வெள்ளி முதுகுகள் கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

"அது என்ன மீனுளா?"

"மடவைப்பா."

"கொஞ்சம் மெல்லப் போ" என்றார் இசக்கிமுத்து. "பாக்கணும்."