கறுப்பு மோலி விற்பனைக்கு இல்லை

1

திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, ஒரு வண்ணமீன் கடையின் இணையதளத்தில், முகப்புப் பக்கத்தின் நடுவில் இப்படி இருந்தது: "இதெல்லாம் அண்ணன் எழுதினது. வேண்டாம். எடுத்துடுங்க."

இந்தக் கதை அந்த வரியிலிருந்து வந்தது. அதை நான் எழுதவில்லை. நான் வெப்சைட் செய்து பிழைப்பவன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். மிச்ச நேரம் அதிகம் இல்லை.

2

முதலில் வேறு மாதிரித் தொடங்கினேன்.

குடியிருக்கும் வீட்டை இடிக்காமல், அதன் பக்கத்திலேயே இன்னொரு வீட்டை

[நிறுத்திவிட்டேன். எல்லா வாடிக்கையாளருக்கும் நான் சொல்லும் உவமை இது. சொல்லிச் சொல்லித் தேய்ந்துவிட்டது.]

உள்ளதைச் சொல்கிறேன். கடையின் பழைய தளம் வழக்கம்போல் ஓடும். புதியது வேறொரு முகவரியில், யார் கண்ணிலும் படாமல் வளரும். வெள்ளிக்கிழமை மாலை பழையது மறைந்து, அதே பெயரில் புதியது வந்து நிற்கும். அதுவரை பழையதில் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் நான் மறுபடி நகலெடுக்க வேண்டும்.

கடைக்காரம்மாவிடம் இதைச் சொன்னேன். தலையாட்டினார். தன் அண்ணனிடம் அவர் சொல்லவில்லை.

3

அண்ணன் கடைக்கு மேலே உள்ள அறையில் இருக்கிறார். பழைய தளம் அவர் செய்தது. பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. தினமும் காலையில் தொட்டிகளைப் பார்த்துவிட்டு வந்து எழுதுவார்.

"நேற்று வந்த ஏஞ்சல் மீன்கள் இன்னும் பயந்திருக்கின்றன. வாங்க நினைப்பவர்கள் இரண்டு நாள் பொறுக்கவும்."

"கறுப்பு மோலி சாப்பிடவில்லை. விற்பனைக்கு இல்லை."

நகலெடுப்பதற்காகத்தான் படிக்க ஆரம்பித்தேன். பிறகு காலையில் மெயில் பார்ப்பதற்கு முன்னால் அந்த மோலி மீன் சாப்பிட்டதா என்று பார்த்தேன்.

4

கடையில் காற்றுக்குழாய்கள் ஓயாமல் கொப்பளிக்கும். அதை மீறித்தான் பேச வேண்டும்.

"வாங்க வர்றவங்கள வாசல்லயே திருப்பி அனுப்புறாரு தம்பி," என்றார் கடைக்காரம்மா. "மீனுக்கு மனசு சரியில்லையாம். எனக்கு மனசு சரியில்லன்னு ஒரு நாளாவது எழுதினாரா?"

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"வெள்ளிக்கிழமை தானா தெரிஞ்சுட்டுப் போகுது."

"புதுசுல எழுத எத்தனை பேருக்கு பாஸ்வேர்ட் வேணும்?"

"ஒண்ணு போதும். எனக்கு."

குறித்துக்கொண்டேன். அது என் வேலை.

5

புதிய தளத்தைப் பார்த்து, வேண்டாததன் மேலேயே ஒரு குறிப்பு எழுதிவிடும்படி கடைக்காரம்மாவிடம் சொன்னேன். ஞாயிறு மதியம் கடையைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்து, பொறுமையாக எல்லாவற்றுக்கும் எழுதினார். பழையதில்.*

* இரண்டு தளத்துக்கும் உள்ளே போகும் கதவு, அதாவது பாஸ்வேர்ட் கேட்கும் பக்கம், ஒரே மாதிரி இருக்கும். என் தொழிலில் இதற்கு ஒரு எச்சரிக்கைப் பட்டை உண்டு. புதியதில்தான் போட்டிருந்தேன். அவர் புதியதைத் திறக்கவே இல்லை.

திங்கள் காலை அண்ணன் வழக்கம்போல் எழுத வந்தார். எதையும் அழிக்கவில்லை. ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே சிறிய எழுத்தில் பதில் போட்டார்.

"எடுத்துடுங்க" என்பதற்குக் கீழே: "எப்போது என்று சொன்னால், அதற்குள் படங்களை எடுத்துக்கொள்கிறேன்."

மோலி பற்றிய வரியின் மேல் "இது தேவையா?" என்று இருந்தது. கீழே: "தேவை. இன்றும் சாப்பிடவில்லை."

நான் குறிப்புகளை நீக்கினேன். அவருடைய பதில்களில் கை வைக்க மனம் வரவில்லை. அன்று முழுக்க, கேள்வி இல்லாத பதில்களோடு கடை திறந்திருந்தது.

6

அண்ணனை எனக்கு எழுத வரவில்லை.

முதல் வரைவில் கோபத்தில் ஒரு தொட்டியை உடைத்தார். என் மனைவி படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

"மீன் பயப்படும்னு எழுதுற மனுஷன் தொட்டிய உடைப்பாரா?"

அடித்தேன். இரண்டாவது வரைவில் அவருக்கு இதய நோய் கொடுத்தேன்.

"படிக்கிறவன் அழணும்னு அவருக்கு மாத்திரை குடுக்கிறியா?"

அதையும் அடித்தேன். அவருக்கு நோய் இல்லை. நன்றாகச் சாப்பிடுவார்.

கடைக்காரம்மாவைக் கொடுமைக்காரி ஆக்கினால் கதை தானாக நடக்கும். ஆனால் அண்ணனுக்கு வேலை போனபோது, வா என்று ஒரே சொல்லில் அழைத்து மாடியைக் கொடுத்தவர் அவர். அதைச் சொல்லிக் காட்டியதில்லை. கடை ஓடினால்தான் மாடி. மோலி விற்றால்தான் கடை. அவர் கணக்கில் பிழை இல்லை.

[இங்கே மீன்தொட்டியையும் வாழ்க்கையையும் ஒப்பிட்டு ஒரு பத்தி இருந்தது. இல்லாமலிருப்பது நல்லது.]

7

திங்களன்றே கடைக்காரம்மாவுக்கு போன் செய்தேன்.

"அவரு பாத்துட்டாரா?"

"பதிலும் எழுதியிருக்கார்."

கொப்பளிப்பு கொஞ்சம் தள்ளிப்போனது. பிறகு தணிந்த குரலில், "இங்கதான் தொட்டி கழுவிக்கிட்டு இருக்காரு. காலையிலேர்ந்து ஒரு வார்த்தை கேக்கல தம்பி. டீ கூட போட்டுக் குடுத்தாரு."

"நீங்க பேசிடுங்கம்மா."

"நீங்களே சொல்லிடுங்களேன். கம்ப்யூட்டர் பாஷையில ஏதாவது. அவருக்கும் புரியாது, எனக்கும் சங்கடம் இல்ல."

8

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

ஒன்று: வெள்ளி மாலை மாற்றிவிடுகிறேன். வெள்ளைப் பின்னணி, பெரிய எழுத்து, மோலிக்குப் பக்கத்தில் விலை. பிழை இல்லாத முடிவு. எனக்குக் கொடுத்த வேலையும் இதுதான்.

இரண்டு: தங்கை மாடி ஏறிப் போய், புதிய பாஸ்வேர்டை அண்ணன் கையில் கொடுக்கிறார். மனைவி இதற்குக் கொட்டாவி விட்டாள்.

மூன்று: யாரிடமும் கேட்காமல் நானே இன்னொரு பாஸ்வேர்ட் உண்டாக்குகிறேன். அரை நிமிட வேலை. ஆனால் கடை என்னுடையதில்லை. அந்த வீட்டில் நடக்க வேண்டிய பேச்சை ஒரு பொத்தானால் நான்

வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அலுத்துவிட்டது.

9

கதையை அங்கேயே விட்டிருப்பேன். வியாழன் மதியம், சாப்பாட்டுத் தட்டின் முன் இருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. பின்னால் காற்றுக்குழாய்களின் சத்தம்.

"தம்பி, மீன் கடையிலேர்ந்து பேசறேன். அண்ணன்."

அவர் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன். நான் எழுதியதைவிட இளமையாக இருந்தது.

"சொல்லுங்க."

"புதுசப் பாத்தேன். தங்கச்சி திறந்து வச்சுட்டுச் சாப்பிடப் போயிருந்தா. நல்லா இருக்கு தம்பி. எழுத்து பெரிசு. நான் போட்ட மஞ்சள் எனக்கே கண்ணு கூசும்."

"தேங்க்ஸ்ங்க."

"எல்லாம் சரியா இருக்கு. ஒண்ணே ஒண்ணு. கறுப்பு மோலிக்கு விலை போட்டிருக்கு. அது இன்னைக்கும் சாப்பிடல."

தட்டை நகர்த்தி வைத்தேன்.

"அத மாத்தணும்னா, நான் எங்க போய் எழுதணும் தம்பி?"