தாங்கிப் பிடித்தவள்

சோபியா நீட்டிய கஞ்சியைப் பாதியிலேயே போதும் என்று தள்ளிவிட்டாள் ஞானமணி. வயிறு நிறையக் குடித்தால் அடிக்கடி எழ வேண்டும். எழுவதென்றால் அந்தப் பெண்தான் தூக்கிவிட வேண்டும். படுக்கையில் விழுந்ததிலிருந்து தண்ணீரைக்கூட அவள் குறைத்துக்கொண்டாள்.

ஆவூரிலிருந்து சென்னைக்குப் போய், வீடு வீடாகத் தங்கி, முதியவர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மலம் அள்ளியே அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. செத்துப்போன தங்கையின் மகள் சோபியாவை வளர்த்ததும் அந்த வேலையில் வந்த காசில்தான். கடைசியாகப் பார்த்துக்கொண்ட பெரியவர் ஆத்மநாதன் குளியலறையில் வழுக்கியபோது, அவரைத் தாங்கிப் பிடித்தபடி இவள் அடியில் விழுந்தாள். அவருக்கு லேசான சிராய்ப்பு, உடனே ஆஸ்பத்திரி. இவளுக்கு ஒரு தைலமும் ஊருக்கு ரயில் டிக்கெட்டும்.

முதியோர் உதவித்தொகை கேட்டுப் போன ஆபீசிலும், “ஊர்லயே இல்லாம இருந்திருக்கீங்க, ரேஷன் கார்டுல பேரே இல்லையேம்மா” என்று சோபியாவிடம் கையை விரித்துவிட்டார்கள்.

அன்று வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. ஆத்மநாதனின் மகள் சிவரஞ்சனி இறங்கி உள்ளே வந்தாள்.

“போன் எடுக்கவே மாட்டேங்கிறீங்களே ஞானமணிம்மா! கிளம்புங்க. அப்பா வேற யார் கையாலயும் சாப்பிட மாட்டேங்கிறார்.”

ஞானமணி போர்வையை விலக்கினாள். ஒரு கால் குட்டையாகி, வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

சிவரஞ்சனியின் முகம் வெளுத்தது. “சுளுக்குன்னுதானே சொன்னீங்க?”

“சுளுக்குன்னு சொன்னது நீங்கம்மா. நான் வலிக்குதுன்னுதான் சொன்னேன்.”

அடுப்படியிலிருந்து சோபியா வந்தாள். “நான் வாரேன் மேடம். எனக்கும் இந்த வேலை தெரியும்.”

“வேணாம்டி!” ஞானமணி அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். “என்னையப் பாத்துமா போறேங்கிற?”

“பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன் பெரியம்மா, நீங்க கொஞ்சங் கொஞ்சமா சாகுறதை. இங்கிட்டு மாத்திரைக்கே வழியில்ல. நான் என்னதான் பண்ண?” சோபியா வெடித்து அழுதாள்.

சிவரஞ்சனிக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. ஞானமணியைச் சோபியாவோடு டாக்சியில் ஏற்றித் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர் தலையை ஆட்டினார். “விழுந்தப்பவே ஆபரேஷன் பண்ணியிருந்தா நடந்திருப்பாங்க. இனிமே வலியைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.”

“என்னை மன்னிச்சிருங்க” என்று சிவரஞ்சனி ஞானமணியின் கையைப் பற்றினாள்.

“என் காலு போனது போனதுதாம்மா” என்றாள் ஞானமணி. “இவளைக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. போகாதடின்னு சொல்ல வக்கில்ல. ஆனா யாரைக் கூப்பிட்டாலும், விழுந்தா வைத்தியம் யார் பாக்குறது, ஒடம்பு ஓஞ்சா சோறு யார் போடுறதுன்னு பேசி முடிச்சுட்டுக் கூப்பிடுங்க. வயசானவங்களைப் பாத்துக்கிறவளுக்கும் வயசாகும்மா.”