ஏழுக்கு மேல்

"தேய்க்காத உபைது. ஒத்தி எடு," என்றார் தாய்மாமா.

குளிப்பாட்டி முடித்த அத்தாவின் உயிரற்ற மார்பில் வெள்ளைத் துணியை வைத்திருந்த உபைதின் கை அப்படியே நின்றது. இதே சொற்களை, இதே பதற்றத்தோடு அத்தா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அப்போதெல்லாம் அவன் கையில் இருந்தது மீட்டர்.

அத்தா நிஜாமுதீன், அபுதாபிப் பக்கம் ஒரு பண்ணையில் பல வருடம் வெள்ளரி வளர்த்தவர். அங்கே மண் கிடையாது. உரம் கரைத்த தண்ணீரில்தான் வேர். லப்பைக்குடிகாட்டுக்குத் திரும்பியவர்கள் எல்லாம் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார்கள். இவர் பேனா அளவில் இரண்டு மீட்டர் கொண்டுவந்தார். ஒன்று தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் சொல்லும். மற்றது அதில் எவ்வளவு உரம் இருக்கிறது என்று சொல்லும். மொட்டைமாடியில் பிளாஸ்டிக் டப்பாக்களில் தக்காளி காய்த்தது. ஊர் சிரித்தது. மீட்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு டீக்கடைக்குப் போனால், "பாய், எம் மாமியாள கூட்டியாரேன், காரம் எவ்வளவுன்னு பாத்துச் சொல்லுங்க" என்பார் கடைக்காரர் பஞ்சநாதன். அத்தாவும் சேர்ந்து சிரிப்பார்.

கண்ணில் புரை விழுந்த பிறகு மீட்டர்களைச் சுத்தம் செய்யும் பொறுப்பு மகனிடம் வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் முனையிலுள்ள கண்ணாடிக் குமிழைப் பேட்டரித் தண்ணீரில் அலச வேண்டும். பஞ்சால் ஒத்த வேண்டும். பவுடர் கரைத்த சோதனைத் தண்ணீரில் விட்டால் சரியாக ஏழு காட்ட வேண்டும். பிறகு மூடிக்குள் உப்புக் கரைசல் விட்டு மூட வேண்டும். குமிழ் காயவே கூடாது. விசாவுக்காக டிராவல்ஸ் வாசலில் காத்துக் கிடந்த உபைதுக்கு இதெல்லாம் வெட்டி வேலையாகத் தோன்றியது. கழுவிட்டியாடா என்று அத்தா கேட்பார். கழுவிட்டேன் என்பான். நோன்புப் பெருநாள் முடிந்ததிலிருந்து அவன் கழுவவே இல்லை.

புளிப்பும் காரமும் சொல்லும் அந்த மீட்டரைத்தான் போன மாதம் அத்தா, பால்காரர் சாமிதுரையின் பாலில் விட்டார். விளையாட்டாகத்தான். ஏழுக்குக் கீழே புளிப்பு, மேலே காரம்; நல்ல பால் ஏழைத் தொடாது. இது எட்டுக்குப் போனது. பால் கெடாமலிருக்க சோடா கலந்திருக்கிறது என்று தெருவில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார். சாமிதுரை கேனை மூடிக்கொண்டு திரும்பினார். கறந்து கேனில் ஊற்றுவது அவர் மனைவி இருசம்மாள். மறுநாளிலிருந்து அந்தத் தெருவில் அவரிடம் யாரும் பால் வாங்கவில்லை.

பால் பட்டதைக் கழுவச் சொல்லி அத்தா கொடுத்தபோதுதான் உபைது குமிழைப் பார்த்தான். பழைய உரம் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. சோதனைத் தண்ணீரில் விட்டான். ஏழு காட்ட வேண்டியது எட்டரை காட்டியது. ஊறவைத்துக் கழுவிய பிறகுதான் ஏழுக்கு இறங்கியது. அப்படியென்றால் பாலில் ஒன்றுமில்லை. சொன்னால், இத்தனை நாள் கழுவினேன் என்றது பொய்யாகிவிடும். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தான். நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு மாடியில் டப்பாக்களுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்த அத்தா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழவில்லை.

கபன் துணி சுற்றி, தூக்கிப்போகும் சந்தூக்குப் பெட்டியில் வைத்து, வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். தூக்குவதற்கு முன் மகன் ஊரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாக வேண்டும். மாமா முழங்கையைத் தொட்டதும் உபைது முன்னால் வந்தான்.

"எங்கத்தா யார் மனசாவது நோக நடந்திருந்தா, அல்லாவுக்காக மாப் பண்ணிடுங்க."

எங்கத்தா என்றபோது அவன் சந்தூக்கைப் பார்த்தான். கூட்டம், மாப் பண்ணிட்டோம் என்று முணுமுணுத்தது. எதிர்ச் சுவரோரம் நின்ற சாமிதுரை விலக்கிக்கொண்டு வந்தார்.

"பாய் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல தம்பி. அவரு சொல்லலன்னா எம் வூட்டுக்காரி லட்சணம் எனக்கே தெரிஞ்சிருக்காது. மாட்டு மேல சத்தியம் பண்ணா. மிசினு பொய் சொல்லுமாடின்னு உடையார்பாளையத்துக்கு, அவ அம்மா வூட்டுக்கே தொரத்திட்டேன்." துண்டைச் சுருட்டித் தோளில் வைத்தார். "பள்ளிவாசல் வரைக்கும் நானும் தோள் குடுக்கறேன்."

யாரும் மறுக்கவில்லை. சந்தூக்கு எழுந்தது. முன்பக்கம் ஒரு தோள் உபைதுடையது, இன்னொன்று சாமிதுரையுடையது. அவர் குள்ளம். சந்தூக்கு அவர் பக்கம் சாய்ந்தது. உபைது முதுகை வளைத்து, அவர் உயரத்துக்குக் குனிந்து நடந்தான். பின்னால் கலிமா ஓதும் சத்தம் பெரிதாக இருந்தது.

"அண்ணே," என்றான். "சோடாவெல்லாம் இல்லண்ணே. மீட்டர நான் கழுவாம விட்டுட்டேன். அழுக்கேறி தப்பாக் காட்டிருச்சு. அத்தாவுக்குத் தெரியாது."

சாமிதுரை திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கு ராத்திரியே."

 கடைவீதி திரும்பும் இடத்தில் சாமிதுரை, பின்னால் வந்த அம்மாரைக் கைகாட்டி அழைத்தார். உபைதின் சித்தப்பா மகன் அவன், நெட்டையன். சந்தூக்குக் கழி அவன் தோளுக்கு மாறியதும் சாமிதுரை துண்டை உதறிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உடையார்பாளையத்துக்குப் போக, அரியலூர் பஸ் நிற்கும் பக்கமாக வேகமாக நடந்தார்.

இப்போது சந்தூக்கு மறுபக்கம் சாய்ந்தது.

"உபைது, நிமிந்து நட. ஒம் பக்கம் எறங்குது," என்றான் அம்மார்.

இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது.