எட்டாவது பிட்

படம் திறந்தது. மூளை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பலும் கறுப்புமாக வெறும் புள்ளிக்காடு.

கேபிள் அதை மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அதேதான். கழுத்தில் எப்போதும் ஒரு ஒயர் தொங்குவதால் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் அறையில் அவளுக்கு அந்தப் பெயர். இது அவளுடைய அக்கா கணவரின் தலை ஸ்கேன், இரண்டு வருடம் பழையது. நேற்று எடுத்த படத்தில் ஒரு கட்டி தெரிகிறது. அது அன்றைக்கே இருந்ததா, புதிதாக வளர்கிறதா என்று பார்த்துத்தான் மண்டையைத் திறப்பதா வேண்டாமா என்று டாக்டர் முடிவு செய்வார். இரண்டு மணிக்குள் படம் வேண்டும். மணி ஒன்று.

"சைஸ் சரியா இருக்கா?" என்றான் கூட வேலை செய்யும் ஒல்லி.

"ஒரு பைட் குறையலடா."

"அப்புறம் அதுக்கு என்ன கேடு?"

பழைய ஸ்கேன்கள் இருந்த யூனிக்ஸ் மெஷினில் ஃபைல் அனுப்பும் புரோகிராமே கிடையாது. அதனால் போன வாரம் அதற்கும் புது மெஷினுக்கும் நடுவே டெர்மினல் ஒயரை மாட்டி, எல்லாவற்றையும் அப்படியே கொட்டியிருந்தாள். ஃபைல் சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை. அது என்றைக்குமே ஒத்துப்போனதில்லை; இரண்டு கம்பெனிக்காரர்களும் கணக்குப் போடும் முறையே வேறு. 'அது கிடக்குது கழுதை, சைஸைப் பாரு' என்பதுதான் அந்த அறையின் வழக்கம். அவளும் சைஸை மட்டும் பார்த்தாள்.

இப்போது லைன் செட்டிங்கைப் பார்த்தாள். ஒவ்வொரு பைட்டுக்கும் எட்டு பிட் போக வேண்டிய இடத்தில் ஏழுதான் போயிருந்தது. எழுத்துக்கு ஏழே போதும். நோயாளிகள் பட்டியல் பிசிறில்லாமல் வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. படத்துக்குத்தான் ஒவ்வொரு பைட்டிலும் ஒரு பிட் வெட்டுப்பட்டிருந்தது; பைட் எண்ணிக்கை குறையாததால் சைஸ் மட்டும் சரியாக இருந்தது. அதை இனி ஒட்டவைக்க வழியில்லை.

"பேக்கப் டேப்ல ஒரு காப்பி இருக்காதா?" என்றான் ஒல்லி.

"டேப்பைப் படிக்கிற டிரைவ் செத்ததாலதானே இந்தக் கூத்தெல்லாம்!"

பழைய மெஷினை ஆன் செய்தார்கள். டக், டக் என்று தட்டிவிட்டு டிஸ்க் நின்றது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை முனகிக்கொண்டே சுற்றியது.

"மூச்சு விடாதே," என்றான் ஒல்லி.

"மெஷினையா சொல்றே, என்னையா?"

இரண்டு பக்கமும் எட்டு பிட் வைத்து அனுப்பினாள். உச்சந்தலையிலிருந்து கீழ்நோக்கிக் குறுக்குவெட்டாக எடுத்த பதினாறு அடுக்குப் படங்கள். ஒன்று வந்தது. இரண்டு. மூன்றாவதைத் திறந்து பார்த்தாள். கண்ணாடி மாதிரி தெளிவு. ஐந்தாவது முடிந்ததும் டக் என்றது. அதற்கப்புறம் எத்தனை முறை ஸ்விட்சைப் போட்டும் டிஸ்க் அசையவே இல்லை.

கட்டி இருப்பது ஒன்பதாவது அடுக்கில்.

ஒன்றே முக்காலுக்கு அக்கா வந்தாள், கையில் ஆபரேஷன் சம்மதப் படிவத்தோடு.

"கிடைச்சுதாடி?"

"மேலே அஞ்சு அடுக்கு மட்டும்தான்க்கா."

"மீதி?"

"போயிடுச்சு. போன வாரம் நான் திறந்து பார்த்திருக்கணும். பார்க்கல. நான் பண்ணின தப்புதான்க்கா."

அக்கா திரையில் இருந்த அந்த ஐந்து வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று கேபிளுக்குத் தோன்றியது.

"பழைய படம் இல்லேன்னா காத்திருந்து ரிஸ்க் எடுக்க முடியாதாம் டாக்டரால. திறந்துடலாம்ங்கறார். ஆபரேஷன்ல அவருக்குப் பேச்சு போனாலும் போயிடுமாம்."

"அக்கா..."

"பேனா இருக்கா?"

கேபிள் கொடுத்தாள். அக்கா கீபோர்டைத் தள்ளிவிட்டு, படிவத்தை மேஜையில் வைத்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று தேடினாள். கேபிள் விரலால் அந்த இடத்தைக் காட்டினாள்.