சரியாகிவிட்டது, நன்றி

சனிக்கிழமை சாயங்காலம் ஒலிந்தோ செய்த காரியத்துக்கு அவரைத் தவிர வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில் கை வைத்தார். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்திருக்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி. நாளைக்கு முக்கியமான வேலை இருக்கிறது என்றால், இன்றைக்கு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டால்தான் தூக்கம் வரும். இத்தனைக்கும் இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற மனிதர். "ஓடுற மெஷினத் தொடாதீங்கம்மா" என்று டீச்சர்களிடம் நூறு தடவை சொன்னவர். வாய் சொன்னதைக் கை கேட்டால்தானே!

முக்கியமான வேலை என்னவென்றால், மகளோடு விளையாடுவது.

மரியேலிஸ் சிலி நாட்டில், சந்தியாகோவில் இருக்கிறாள். சொந்த ஊரான மரகைபோவை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது இருபத்தொரு வயது. போனில் கூப்பிட்டால், "நல்லா இருக்கேம்பா, சாப்ட்டேம்பா, நீ?" அவ்வளவுதான். வீடியோவில் பார்த்தால் இன்னும் மோசம், சிரித்துக்கொண்டே இருப்பாள், ஒன்றும் பிடிபடாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு 'மலைச்சாலை' விளையாட்டில் லாரி ஏறிவிட்டால் அவள் வேறு ஆள். அது இரண்டு பேர் ஆடுகிற விளையாட்டு. ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் பிரேக்கும் வரைபடமும் பார்க்க வேண்டும். இரண்டு இருக்கையிலும் ஆள் இல்லாவிட்டால் வண்டி கிளம்பவே கிளம்பாது. கண் பாதையில் இருக்கும், கை விசையில் இருக்கும், வாய் தானாகத் திறந்துகொள்ளும். வேலை பார்க்கிற சாப்பாட்டுக் கடையின் முதலாளியம்மா திட்டியது, அறையில் கூட இருக்கிற யுரைமாவோடு சண்டை போட்டது, ஒரு பையனோடு பழகி முறித்துக்கொண்டது, எல்லாமே ஏதாவது ஒரு வளைவில் திரும்பும்போதுதான் அப்பாவுக்குத் தெரியவந்தது. அவளுடைய அம்மா வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு வலென்சியாவுக்குப் போனபோதுகூட, அவள் அழுதது அந்த லாரியில்தான்.

புதன்கிழமை அவளிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. "அப்பா, ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குக் கண்டிப்பா வா. ஒண்ணு சொல்லணும். லாரியில சொல்றேன்."

என்னவாக இருக்கும் என்று நாலு நாளாக ஒலிந்தோவுக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டுப் பார்க்கலாம்தான். கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்பாள். அதனால் மெஷினையாவது பளிச்சென்று வைத்திருப்போம் என்று நினைத்தார். பள்ளிக்கூடத்தில் கழித்துக்கட்டிய மூன்று கம்ப்யூட்டர்களைப் பிரித்து ஒன்றாக்கிய மெஷின் அது. நடுவில் திணறிவிட்டால்? பேச்சு பாதியில் அறுந்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான் சனிக்கிழமை கை வைத்தார்.

ஞாயிறு மூன்று மணிக்கு விளையாட்டைத் திறந்தார். திரை கறுத்தது. ஒரு நொடி. மூடிக்கொண்டது.

மறுபடி திறந்தார். கறுத்தது, மூடிக்கொண்டது. இது விண்டோஸுக்கென்று எழுதிய விளையாட்டு. லினக்ஸில் ஓட வேண்டுமானால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு நிரலை உட்கார்த்த வேண்டும். அதன் பழைய பதிப்பைப் போட்டுப் பார்த்தார், புதியதைப் போட்டுப் பார்த்தார். திரைக்கான நிரலைக் கழற்றி மாட்டினார். முதுகில் வேர்வை சட்டையோடு ஒட்டிக்கொண்டது. மின்விசிறி சுற்றுவதாகப் பேர், காற்று எங்கே போனதோ தெரியவில்லை.

மூன்றரைக்குப் பக்கத்து வீட்டு நேரியோ வந்தான். அதே பள்ளிக்கூடத்தில் காவல்காரன். வெல்லமும் எலுமிச்சையும் கரைத்த தண்ணீர் ஒரு கூஜா நிறையக் கொண்டுவந்தான். திரையைப் பார்த்தான், ஒலிந்தோவின் முகத்தைப் பார்த்தான்.

"என்ன மச்சான், ஆரம்பிச்சாச்சா? ஊர்ல எல்லாரும் விளையாடறதுக்கு உக்காருவான். நீ ஒருத்தன்தான் விளையாட்டத் திறக்கறதுக்கே உக்கார்ற."

"வாய மூடிக்கிட்டு ஊத்து."

"மனுஷன் மாதிரி விண்டோஸ் போட்டுத் தொலைய வேண்டியதுதானே?"

"இந்த மெஷின்ல அதப் போட்டா மூச்சு நின்னுடும்."

"இப்ப மட்டும் ஓடுதாக்கும்!" நேரியோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "சரி, உன் பொண்ணுக்கு ஒரு போனப் போட்டுக் கேளு. அவ கெட்டிக்காரி, சட்டுன்னு சொல்லிடுவா."

"அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்டா."

"அப்போ சரி, நீயே கிட" என்று சொல்லி, கூஜாவை வைத்துவிட்டுக் கிளம்பிப் போனான்.

மணி நாலு. போன் சிணுங்கியது. "அப்பா, நான் ஏறிட்டேன். வா."

"பத்து நிமிஷம் கண்ணு" என்று ஒலிந்தோ தட்டிவிட்டார். லினக்ஸ்காரன் சொல்கிற பத்து நிமிஷம். அதை நம்பிக் கெட்டவர்கள் எத்தனையோ பேர்.

நாலு இருபதுக்கு இன்னொரு பத்து நிமிஷம். நாலரைக்கு அவள் கேட்டாள், "அப்பா, போன் பண்ணவா?" அவர் எழுதினார், "வேணாம்மா. கை வேலையா இருக்கேன். இதோ வந்துட்டேன்." எதற்கு இந்த வீம்பு என்று அவருக்கே தெரியவில்லை. கம்ப்யூட்டர் விஷயத்தில் யாரிடமும் கைகட்டி நின்றதில்லை, அதுதான். வேறு எதில்தான் அவர் பேர் சொல்லும்படி இருக்கிறது? சம்பளத்திலா, குடும்பத்திலா?

அதற்கப்புறம் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஐந்து மணிக்கு, விளையாட்டு மூடிக்கொள்ளும்போது மெஷின் எழுதிவைத்த பிழைச்செய்தியை அப்படியே எடுத்து இணையத்தில் தேடினார். உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் அது இருந்தது. லினக்ஸில் விளையாடுகிற தென்னமெரிக்கக்காரர்கள் புலம்புகிற ஒரு பழைய மன்றம். தலைப்பு: "மலைச்சாலை: கறுப்புத் திரை, உடனே மூடிக்கொள்கிறது. உதவுங்கள்." ஏழு வருஷத்துக்கு முந்தையது. அப்பாடா என்று மூச்சு விட்டுக்கொண்டு படித்தார். பாதிப் பத்தி தாண்டியதும் எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. மேலே பெயரைப் பார்த்தார். அவருடைய பெயர்தான்.

கடைசியில் அவரே எழுதியிருந்தார்: "சரியாகிவிட்டது. நன்றி."

அவ்வளவுதான். எப்படிச் சரியானது, என்ன செய்தேன், ஒரு எழுத்து இல்லை. அதற்குக் கீழே ஏழு வருஷமாக ஆட்கள் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி?"

"அண்ணே, எப்படின்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"நாலு வருஷம் ஆச்சு. இந்த ஆள் உசுரோட இருக்காரா?"

கடைசியாக, பொலிவியாவின் ஒரூரோவிலிருந்து ஒரு பெண். "சொல்லாமல் போன புண்ணியவானே, என் தம்பியோட விளையாடணும்னு ரெண்டு மாசம் முட்டி மோதினேன். இப்ப அவன் ஸ்பெயினுக்கே போயிட்டான். நீ நல்லா இரு."

ஒலிந்தோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நன்றாக ஞாபகம் இருந்தது. மூன்று நாள் மல்லுக்கட்டினார். மூன்றாம் நாள் மத்தியானம், ஒன்பது நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. டிரம்மை உருட்டிக்கொண்டு ஓடினார். நனைந்துபோய்த் திரும்பி வந்தால் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மரியேலிஸுக்கு அப்போது பதினாலு வயது. காலை நாற்காலி மேல் தூக்கிப்போட்டுக்கொண்டு வாழைப்பழ வடை தின்றுகொண்டிருந்தாள். "ஐகான்ல ஒரு வரி போட்டேம்பா" என்றாள். என்ன வரி என்று அவர் கேட்கவில்லை. மன்றத்தில் "எப்படி" என்று எழுதாமல் விட்டதற்குக் காரணம், எப்படி என்று அவருக்கே தெரியாததுதான். "என் மகள் சரிசெய்தாள்" என்று எழுத மனசு வரவில்லை. பள்ளிக்கூடத்திலும் தானே சரிசெய்ததாகத்தான் பீற்றிக்கொண்டார். அவள் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள், ஒரு தடவைகூட மறுத்துச் சொன்னதில்லை.

அந்த ஐகானைத்தான் நேற்று அவர் அழித்திருந்தார்.

ஐந்து இருபதுக்குப் போனை எடுத்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். சுற்றிலும் ஒரே இரைச்சல்.

"கண்ணு... திறக்கவே மாட்டேங்குதும்மா. நேத்து எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டேன்."

"ஐயோ அப்பா! முந்தின நாளா?"

"முந்தின நாள்தான்."

"என் ஐகான்?"

"அதுவும் போச்சு. அன்னிக்கு நீ என்ன பண்ணினே? எனக்குத் தெரியாது. அன்னிக்கே கேட்டிருக்கணும், கேக்கல."

அந்த இரைச்சலுக்கு நடுவில் சிரித்தாள். "ஏழு வருஷம் கழிச்சுக் கேக்குறான் பாரு எங்கப்பன். சரி, கேளு. நம்ம நாட்டுல அரைன்னு எழுதணும்னா எப்படி எழுதுவோம்? சைபர், காற்புள்ளி, அஞ்சு. அந்த விளையாட்ட எழுதினவங்க காற்புள்ளிக்குப் பதிலாப் புள்ளி வைக்கிறவங்க. நம்ம மெஷின் காற்புள்ளியக் குடுத்ததும் அது கணக்குப் புரியாமப் படுத்துக்குது. அதனால, 'இங்கிலீஷ்காரன் மாதிரி எண்ணு'ன்னு முன்னாடி ஒரு வரி போடணும். அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். எழுது, சொல்றேன்."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர் ஒற்றை விரலால் தட்டினார். அவள் பக்கத்தில் ஒலிபெருக்கி ஏதோ ஊர்ப் பெயர்களை அறிவித்தது.

"எங்கம்மா இருக்க? என்ன சத்தம் அது?"

"நீ தட்டுறத நிறுத்தாதே. தட்டிக்கிட்டே கேளு." அவள் குரல் மாறியது. லாரியில் பேசுகிற குரல். "கடைய மூடிட்டாங்கப்பா. பதினஞ்சு நாளாச்சு. தெக்க ஒரு தீவுல மீன் வெட்டுற கம்பெனியில வேலை கெடைச்சிருக்கு. ரூமும் அவங்களே தராங்க, ஒரு ரூமுக்கு எட்டுப் பேர். ஞாயித்துக்கிழமையும் ஷிப்ட். ஆறு மாசம்கிறாங்க, ஒரு வருஷம்கூட ஆகலாம். இப்ப பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். ஆறு மணிக்கு பஸ்."

அவர் தட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள் என்று தெரியும்.

"அங்க நாள் பூரா பனிக்கட்டிக்குள்ளயே கைய வெச்சிருக்கணுமாம். விரல் மரத்துப் போயிடும்கிறாங்க. பயமா இருக்குப்பா. யார்கிட்டயும் சொல்லல. ரொம்பப் பயமா இருக்கு."

"என் தங்கம்" என்றார். கடைசி எழுத்தையும் அடித்து முடித்தார்.

திரை கறுத்தது. ஒரு நொடி. இரண்டு நொடி. பிறகு மலை வந்தது, சாலை வந்தது, மஞ்சள் லாரி வந்து நின்றது.

"திறந்துடுச்சு! கண்ணு, திறந்துடுச்சு! ஏறு, ஏறு, பஸ் வர்றதுக்குள்ள ஒரு வளைவாவது போயிட்டு வந்துடலாம்!"

"அது யுரைமாவோட கம்ப்யூட்டர்ப்பா" என்றாள் மெதுவாக. "ரூம்லயே இருக்கு. நாலே முக்கால் வரைக்கும் லாரியிலதான் உக்காந்திருந்தேன். உன் சீட் காலியாவே இருந்துச்சு. அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு."

ஒலிந்தோ மணியைப் பார்த்தார். நாலு மணிக்கு அவள் ஏறி உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நாலு ஐந்துக்கு வண்டி கிளம்பியிருக்கும். அவளே "போன் பண்ணவா" என்று கேட்டாளே! பாவி, வேண்டாம் என்றேனே!

"மன்னிச்சுடும்மா."

"விடுப்பா. அதான் சொல்லிட்டேனே." மூக்கை உறிஞ்சினாள். "லாரி இப்ப எங்க நிக்குது?"

"ஏழாவது வளைவுல. சிலுவைக்குப் பக்கத்துல."

"நான் விட்ட இடந்தான். என் சிவப்புத் தொப்பி இருக்கா?"

"இருக்கு. சீட்டு மேலேயே கிடக்கு."

"எடுக்காதே, இருக்கட்டும்." ஒலிபெருக்கி மறுபடி கத்தியது. "பஸ் வந்துடுச்சுப்பா. பை ரொம்பக் கனம். போயிச் சேந்ததும் எழுதறேன்."

போன் ஓய்ந்துபோனது. நேரியோ வாசலில் தலையை நீட்டி, "என்ன, ஓடுதா?" என்று கேட்டான். "ஓடுது" என்றார் ஒலிந்தோ. அவர் முகத்தைப் பார்த்து, நேரியோ கிண்டல் ஒன்றும் செய்யாமல் காலிக் கூஜாவை எடுத்துக்கொண்டு போனான்.

மன்றத்தைத் திறந்து, ஒரூரோக்காரியின் வார்த்தைகளுக்குக் கீழே எழுதினார். மகள் சொன்ன வரியை ஒரு எழுத்து பிசகாமல் போட்டார். காற்புள்ளிக் கதையை விளக்கினார். அதற்கப்புறம் எழுதினார்: "இதைக் கண்டுபிடித்தது நானல்ல. என் மகள் மரியேலிஸ், அப்போது வயது பதினாலு. ஏழு வருஷம் சொல்லாமல் இருந்ததற்கு எல்லாரும் மன்னிக்க வேண்டும். குறிப்பாக அந்தத் தம்பியின் அக்கா."

இடுப்பு வலித்தது. எழுந்து போய்ப் படுத்தால் தேவலை என்றிருந்தது. திரையில் லாரி அப்படியே நின்றுகொண்டிருந்தது. "இரண்டாம் இருக்கைக்கு ஆள் வரக் காத்திருக்கிறோம்" என்று கீழே ஒரு வரி மின்னி மின்னி மறைந்தது. மூடுவதற்குக் கை போனது, ஆனால் மூடவில்லை. ஏழு மணிக்கு எப்படியும் கரண்ட் போய்விடும். அதுவரைக்கும் நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, தன் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார்.