ஒரு நாள் தள்ளிப்போன வெயில்

பதினொன்று பத்துக்குப் போன் அடித்தபோது, வானிலை அலுவலகத்தின் ஆவண அறையில் ரிஜிஸ்டர் அக்கா பசைப் புட்டியின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அலுவலகம் முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். எழுபது வருடத்து வெப்பநிலைப் பதிவேடுகள் அவள் பொறுப்பு. தேதியைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அலமாரியைத் திறந்துவிடுவாள்.

போனில் தம்பி. கட்டட மேஸ்திரி. சாரத்தின் உச்சியிலிருந்து தெருக்கோடிக்குக் கேட்கிற குரல், இன்று கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“அக்கா, போன வருஷம் மார்ச் பதினாலு அதிகபட்சம் ரெண்டு டிகிரின்னு சர்டிபிகேட் கொடுத்தது உங்க ஆபீஸா?”

அலுவலகம் என்ன, அதை டைப் அடித்ததே அவள்தான். போன வாரம் கட்டட விசாரணைக் குழு கேட்டு எழுதியிருந்தது. யாருக்காக, எதற்காக என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. இப்போது தம்பி சொன்னான்.

ஒரு பள்ளிக்கூடத்தின் புது மாடிப்படி விரிசல் விட்டிருந்தது. கான்கிரீட் போட்டது தம்பியின் ஆட்கள், அந்தப் பதினான்காம் தேதி. ஐந்து டிகிரிக்குக் கீழே கான்கிரீட் போடக் கூடாது என்பது விதி. இவன் இரண்டு டிகிரியில் போட்டான் என்கிறது அக்கா அடித்த காகிதம். மதியம் இரண்டு மணிக்கு விசாரணை. லைசன்ஸ் பறிபோனால், இருபது வருட மேஸ்திரி நாளைக்கே இன்னொருவனுக்குக் கீழே சட்டி தூக்க வேண்டியதுதான்.

அன்றைக்கு நல்ல வெயில் என்று தம்பி அடித்துச் சொன்னான். ஆட்கள் ஸ்வெட்டரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டு வேலை பார்த்தார்களாம். பனி கொட்டியது மறுநாள்தானாம். அதற்கும் தார்ப்பாய் போட்டு மூடியாகிவிட்டதாம்.

“தேதியை நீ மாத்திச் சொல்லலையே?”

“பதிமூணு எங்க கல்யாண நாளுக்கா. அதை மறந்துட்டு உன் தம்பி பொண்டாட்டிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். மறுநாள் காலையில கான்கிரீட். அந்தத் தேதியை இனிமே நான் மறப்பேனா?”

பலமான சாட்சிதான். ஆனால் விசாரணைக் குழுவிடம் செல்லுபடியாகாது.

போனை வைத்த வேகத்தில் போன வருடப் பதிவேட்டை இழுத்துப் போட்டாள். மார்ச். பதினான்கு: 2.1. பதினைந்து: 13.4. பனி கொட்டிய நாளில் பதின்மூன்று டிகிரியா? அவள் விரல் மேலே ஓடி, ஐந்தாம் தேதியில் நின்றது.

கட்டம் காலி. ஒரு சின்னக் கோடு மட்டும்.

போன வாரம் பதினான்கை மட்டும் பார்த்து டைப் அடித்த தன்னையே அவள் மனதுக்குள் நாலு சாத்து சாத்தினாள். ஆறாம் தேதியிலிருந்து கையெழுத்தே வேறு. பதினாறில் பழைய கையெழுத்து திரும்பியிருந்தது.

பதிவேட்டை இடுக்கிக்கொண்டு கருவித் தோட்டத்துக்கு ஓடினாள். அங்கே தினமும் அளவெடுக்கிற அப்சர்வர் தெர்மாமீட்டர் இருக்கிற வெள்ளைப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன மார்ச்சில் அவர் கணுக்கால் முறிந்து படுத்திருந்தபோது, பத்து நாளைக்கு விமான நிலையத்திலிருந்து மாற்று ஆள் வந்தார்.

“காலையில ஒன்பது மணிக்கு அதிகபட்சம் பார்க்கிறீங்களே, அது எந்த நாளோட சூடு?”

“நேத்தையது. அதனால நேத்துத் தேதியில எழுதணும். என்னம்மா, வேலைக்கு வந்து முப்பது வருஷம் கழிச்சுப் பரீட்சையா?”

அவள் காலிக் கட்டத்தைக் காட்டினாள். அப்சர்வருக்கு உடனே புரிந்துவிட்டது. விமான நிலையத்தில் பார்த்ததைப் பார்த்த நேரத்திலேயே எழுதுவார்கள். அந்தப் பழக்கத்தில், நேற்றைய சூட்டையெல்லாம் மாற்று ஆள் இன்றைய கட்டத்தில் எழுதியிருக்கிறார். ஐந்தாம் தேதிச் சூடு ஆறில் உட்கார்ந்தது, ஐந்து காலி. பதினாறாம் தேதி காலையில் அப்சர்வர் நொண்டிக்கொண்டு வந்து பார்த்தபோது, பதினைந்தின் கட்டம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. நல்ல மனிதர், முந்தின நாள் சாயங்காலமே எழுதிவைத்துவிட்டார் என்று நினைத்து இவரும் விட்டுவிட்டார்.

பத்து நாள் வெயில், ஒவ்வொரு கட்டம் தள்ளி உட்கார்ந்திருந்தது. 13.4 பதினான்காம் தேதிக்குச் சொந்தம்!

பன்னிரண்டு ஐந்துக்கு அவள் பிரிவுத் தலைவர் முன்னால் நின்றாள். சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். தசமப்புள்ளி என்று முதுகுக்குப் பின்னால் அழைக்கப்படுகிறவர். சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்குப் போகலாம் என்றாலும் நிமிடம் பிசகாமல் பதில் சொல்வார். மேஸ்திரி தன் தம்பி என்பதை முதலிலேயே சொல்லிவிட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“காலிக் கட்டத்தை மட்டும் வச்சு நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. அக்கா சொன்னா, ஆபீஸ் தலையாட்டுச்சுன்னு பேசுவாங்க. இந்தப் புத்தகத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சாட்சி கொண்டு வாங்க.”

கதவைத் திறக்கும்போதே அவளுக்குப் பொறி தட்டியது. கண்ணாடி உருண்டை!

கூரைமேல் ஒரு கண்ணாடி உருண்டை உண்டு. அதன் பின்னால் தினம் ஓர் அட்டை செருகுவார்கள். வெயில் அடிக்கிற நேரமெல்லாம் உருண்டை வெயிலைக் குவித்து அட்டையில் கரிக்கோடு போடும். மேகம் வந்தால் கோடு நிற்கும். எத்தனை மணி நேரம் வெயில் என்று அதில்தான் கணக்கு.

நிலவறையில் பெட்டிகள் வருட வரிசையில் இல்லை. யாரோ வெள்ளையடிக்கும்போது இஷ்டத்துக்கு அடுக்கியிருந்தார்கள். ஒன்பதாவது பெட்டியில் மார்ச் அகப்பட்டபோது மணி பன்னிரண்டு நாற்பது. புடவை முழுக்கத் தூசி.

மேஜையில் அட்டைகளைப் பரப்பினாள். பதினான்கு: காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை விடாமல் கரிந்திருந்தது. பதினைந்து: துடைத்துவைத்த மாதிரி வெறுமை.

தசமப்புள்ளி குனிந்து பார்த்தார். அவள் மூச்சு விடுவதற்குள் கேட்டார்.

“அந்த ஆள் அட்டையிலயும் தேதியைத் தள்ளி எழுதியிருந்தா?”

பதில் பின்னாலிருந்து வந்தது. பூதக்கண்ணாடியும் அளவுகோலுமாக அப்சர்வர் வாசலில் நின்றிருந்தார்.

“அதுக்குச் சூரியனையே கேட்கலாம் சார்.”

மார்ச்சில் பகல் நீள நீளச் சூரியன் தினமும் கொஞ்சம் உயரமாக ஏறும். அது மேலே போனால் அட்டையில் கோடு கீழே இறங்கும். நாளுக்கு மயிரிழை அளவு, ஆனால் தவறாமல். பதினாறும் பதினெட்டும் அப்சர்வர் தன் கையால் மாற்றிய அட்டைகள். இரண்டுக்கும் நடுவே இரண்டு நாள் இறக்கம். மாற்று ஆளின் பதினான்கு உண்மையிலேயே பதினான்கு என்றால், அதற்கும் பதினாறுக்கும் அதே இறக்கம் இருக்க வேண்டும். தேதி தள்ளியிருந்தால் அது பதின்மூன்றின் அட்டை, இறக்கம் ஒன்றரை மடங்கு இருக்கும்.

மூன்று தலைகள் ஒரு பூதக்கண்ணாடிக்கு மேல் முட்டிக்கொண்டன. அப்சர்வர் அளந்தார். தசமப்புள்ளி அவரை நகர்த்திவிட்டு அளந்தார். பிறகு திரும்பவும் அளந்தார்.

“ஒரே அளவு,” என்றார்.

சுவர்க் கடிகாரம் ஒன்று இருபது காட்டியது. அவள் டைப் அடிக்க உட்கார்ந்தாள், விரல்கள் பறந்தன. எந்த அளவைத் திருத்தினாலும் அந்தத் தேதியின் பழைய உச்சத்தோடு ஒப்பிட வேண்டும் என்பது அலுவலக வழக்கம். தசமப்புள்ளி எழுபது வருடப் பட்டியலைப் புரட்டிக்கொண்டே வந்தவர், சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். மார்ச் பதினைந்தின் உச்சம் 15.2. அதனால்தான் 13.4 யார் கண்ணையும் உறுத்தாமல் ஒரு வருடம் அங்கே பதுங்கியிருந்தது. ஆனால் மார்ச் பதினான்கின் உச்சம்?

“பன்னிரண்டு புள்ளி எட்டு,” என்று அவர் வாசித்தார். “நாம பிறக்கிறதுக்கு முன்னாடி வச்சது.”

முத்திரைப் பெட்டியையும் அட்டைகளையும் பையில் திணித்துக்கொண்டு அவரே கிளம்பினார். அவளும் செருப்பை மாட்டினாள். அக்கா வந்தால் காரியம் கெட்டுவிடும் என்று தடுத்துவிட்டு, ஐம்பத்தெட்டு வயது மனிதர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினார்.

இரண்டு மணி. இரண்டரை. மூன்று. அவள் திறந்த அலமாரியை மூடினாள், மூடியதைத் திறந்தாள். அப்சர்வர் அவளுக்குத் துணையாக நின்று, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று பத்துக்குத் தம்பி கூப்பிட்டான். மூச்சு வாங்க, முன்னும் பின்னுமாகக் கொட்டினான். குழுத் தலைவர் அட்டைகளை அரை மணி நேரம் பார்த்தாராம். கடைசியில், அன்றைக்குக் குளிரா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றாராம்.

“உங்க சார் எழுந்து நின்னாருக்கா. ‘இந்த ஊர்ல அளவெடுக்க ஆரம்பிச்ச நாளா இதைவிடச் சூடான மார்ச் பதினாலு கிடையாது’ன்னார். அப்புறம் அந்தத் தலைவரே சிரிச்சிட்டார். லைசன்ஸ் கையில இருக்குக்கா. இப்ப சிமெண்ட் எங்கேருந்து வந்துச்சுன்னு தோண்டுறாங்க.”

அவள் “சாப்பிட்டியாடா?” என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாள்.

தசமப்புள்ளி திரும்பியபோது மணி ஐந்தரை. ஜன்னலில் இன்னும் நல்ல வெளிச்சம். சிவப்பு மை எடுக்கச் சொன்னார். அப்சர்வர் வாசிக்க, அவள் ஒவ்வொரு கட்டமாக அடித்து, வெயிலை அதனதன் நாளுக்கு நகர்த்திக்கொண்டே வந்தாள். பதினைந்தாம் தேதிக் கட்டம் இப்போது காலி. அன்றைய அளவை யாரும் எழுதவே இல்லை; அதில் அவள் ஒரு கோடு போட்டாள். பிறகு மேலே போய், ஐந்தாம் தேதிக் கட்டத்தில், ஆறில் இருந்த 4.6-ஐ நிதானமாக எழுதினாள்.